இணையக் கருவிகளும் ஆய்வாளர் உழைப்பும்: சில குறிப்புகள்

ஒரு தொழிலின் வரலாற்றை அத்தொழிலுக்குரிய கருவிகளின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்கவியலாது என்பது சமூகவியல் பயின்றோர்க்குப் பழகிய கருத்தாகும். உழவுக்கும் நெசவுக்கும் இதனைப் பொருத்திப் பார்க்கும் நாம், எமது சொந்தத் தொழிலாகிய ஆய்வுக்கும் எழுத்துக்கும் அவ்வாறு பொருத்திப் பார்ப்பது அரிது. குறிப்பு அட்டைகளும் தட்டச்சுப்பொறியும் றோணியோப் பிரதிகளும் விரிவுரையாளரின் மேசையை விட்டு நீங்கி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அவற்றின் இடத்தை இன்று இணையத்திற் கிடைக்கும் கருவிகள் நிரப்பியுள்ளன. பெரும்பாலானவை இலவசமானவை, நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்துவன என்று கூறப்படுபவை. இக்கூற்று எவ்வளவு தூரம் மெய்யானது, தமிழில் ஆய்வு செய்யும் ஒருவருக்கு இவற்றாற் கிடைக்கும் பயன் யாது, மிச்சமாகும் நேரம் எவரைச் சென்றடைகிறது என்பவற்றைச் சில குறிப்பிட்ட கருவிகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயந்திரக் கண்டுபிடிப்புகள் எந்த மனிதனின் அன்றாட உழைப்பையேனும் குறைத்துள்ளனவா என்ற ஐயத்தை ஜோன் ஸ்ருவர்ட் மில் எழுப்பினார். 1867 இல் வெளிவந்த மூலதனம் முதற் பாகத்தில், இயந்திரம் பற்றிய அதிகாரத்தை மார்க்ஸ் அந்த ஐயத்திலிருந்தே தொடங்குகிறார். முதலாளித்துவத்தின் கீழ் இயந்திரம் புகுத்தப்படுவதன் நோக்கம் உழைப்பைக் குறைப்பதன்று என்பது அவரது விடை. 1930 இல் கெயின்ஸ் நூறாண்டுகளுக்குப் பின் மனிதர் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தாற் போதுமென எதிர்பார்த்தார். அவர் குறித்த காலம் அணுகிவிட்டது. பதினைந்து மணி நேரத்தில் வாரத்தை முடிக்கும் விரிவுரையாளர் எவரையும் யாம் கண்டிலேம். ஆகவே கருவியினால் நேரம் மிச்சமாவது வேறு, அந்நேரம் உழைப்பவருக்கே உரியதாவது வேறு என்ற வேறுபாட்டை மனங்கொண்டே மேற்செல்ல வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை இலங்கை ஆய்வாளரின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 250 டொலர் விலையுள்ள ஒரு மென்பொருள், தன்னளவில் எம்மாற்றமும் இன்றி, 50,000 ரூபாவிலிருந்து 90,000 ரூபாவாயிற்று. அதே மார்ச் மாதத்திற் காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளிற் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. இத்தகைய சூழலில் விலையின்றிக் கிடைக்கும் ஒரு கருவி வசதி மட்டுமன்று. ஆய்வு நடைபெறுமா இல்லையா என்பதையே சில வேளைகளில் அது தீர்மானிக்கிறது. அதனாலேயே அக்கருவி எவர் கையில் இருக்கிறது என்ற வினாவும் முக்கியமாகிறது.

முதலில் உசாத்துணைகளைத் திரட்டும் கருவியை எடுத்துக்கொள்ளலாம். ஸொட்டேரோ என்னும் மென்பொருள் 2006 இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த, வரலாற்றுக்கும் புதிய ஊடகங்களுக்குமான ஆய்வு மையத்தில் உருவாயிற்று. அப்பெயர் அல்பேனிய மொழிச் சொல்லொன்றிலிருந்து பிறந்தது. ஒன்றை வயப்படுத்திக்கொள்ளல் என்பது அதன் பொருள். நூற்பட்டியற் பக்கமொன்றையோ கட்டுரையொன்றையோ இணையத்திற் பார்க்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு ஆகிய விவரங்கள் ஆய்வாளரின் சொந்தப் பட்டியலிற் பதிவாகிவிடும். பின்னர் எழுதும்போது அடிக்குறிப்புகளும் இறுதியில் வரும் உசாத்துணைப் பட்டியலும் அப்பதிவுகளிலிருந்து தாமே அமையும். ஒரு சஞ்சிகை கேட்கும் முறையிலிருந்து மற்றொன்று கேட்கும் முறைக்கு முழுப் பட்டியலையும் மாற்றுவது சில நொடி வேலை. இருநூறு அடிக்குறிப்புகளைக் கையால் மாற்றி எழுதிய அனுபவம் உடையோர்க்கு இதன் அருமை விளங்கும்.

இதே பணியைச் செய்யும் மென்டலி என்னும் மற்றொரு கருவியும் இலவசமாகவே ஆய்வாளரிடையே பரவியது. 2013 இல் அதனை எல்செவியர் என்னும் பெரும் பதிப்பு நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2018 இல் வந்த புதிய வடிவத்தில், பயனாளரின் கணினியிலேயே இருக்கும் தரவுத்தளம் பிற மென்பொருள்களால் வாசிக்க முடியாதவாறு மறைகுறியாக்கப்பட்டது. பாதுகாப்பே காரணம் என்று நிறுவனம் கூறியது. ஆயின் தமது பட்டியலை அப்படியே ஸொட்டேரோவுக்கு எடுத்துச்செல்ல விரும்பியவர்கள் வேறு சுற்றுவழி காண வேண்டியதாயிற்று. பல்லாண்டு உழைத்து ஒருவர் சேர்த்த குறிப்புகள் அவரது கணினியிலேயே இருந்தும் திறவுகோல் பிறிதோரிடத்தில் இருந்தது என்பது நோக்கற்பாலது. உலகப் பல்கலைக்கழகங்களுக்கு அளவற்ற சேமிப்பிடத்தை இலவசமாக வழங்கிவந்த கூகிள், 2021 இல் அவ்வழங்கலை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்து, ஒரு நிறுவனம் முழுவதற்குமாக 100 டெராபைட் என்ற அடிப்படை வரையறையை ஏற்படுத்தியது. அளவற்றது என்பதை நம்பி அனைத்தையும் அங்கே குவித்த நிறுவனங்கள் எதனை நீக்குவது என்று ஆராயத் தலைப்பட்டன.

ஸொட்டேரோ இதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? அதன் மூலநிரல் வெளிப்படையானது. இன்று அதனை நடத்துவது இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு. பதிவுகள் பயனாளரின் கணினியிலேயே இருக்கின்றன. வேண்டியபோது முழுவதையும் பிற கருவிகள் வாசிக்கத்தக்க பொது வடிவங்களில் வெளியே எடுக்கலாம். இணைக்கப்பட்ட கோப்புகளை அவர்களது சேமிப்பகத்தில் வைக்க 300 மெகாபைட் மட்டுமே இலவசம். அதற்கு மேற்படின் ஆண்டுக் கட்டணம் உண்டு. இந்தக் கட்டணத்தை யாம் குறையாகக் கருதவில்லை. எதற்குப் பணம் கேட்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் கருவியே எமக்கு நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது.

ஆனால் தமிழ் ஆய்வாளருக்கு இக்கருவி முழு நிறைவைத் தருமென்று கூற முடியாது. மேனாட்டுப் பெயர்முறையை அடியொற்றி, குடும்பப் பெயர், முதற்பெயர் என இரு கட்டங்களில் அது ஆசிரியர் பெயரைக் கேட்கிறது. எம்மிடையே குடும்பப் பெயர் வழக்கில்லை. தந்தை பெயரோ அதன் முதலெழுத்தோ முன்னால் வரும். கார்த்திகேசு சிவத்தம்பி என்பதிற் கார்த்திகேசு தந்தை பெயர். கருவியோ அதனை முதற்பெயர்க் கட்டத்தில் இடும். பட்டியலிற் சிவத்தம்பி என்பதே தலைச்சொல்லாக வருவதால் நல்ல வேளையாகப் பயன் ஒன்றே. இதைவிடப் பெரிய தொல்லை எழுத்துக்கூட்டலில் உள்ளது. கைலாசபதி 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக ஆங்கிலத்தில் எழுதிய வீரயுகக் கவிதை பற்றிய நூல், அவர் தம் பெயரை எழுதிய எழுத்துக்கூட்டலிலேயே பட்டியல்களில் இருக்கும். அவரது தமிழ் நூல்களோ சகரத்துக்கு ஆங்கில சி எழுத்தை இடும் நூலக ஒலிபெயர்ப்பு முறையிற் பதிவாகியிருக்கும். இவற்றுடன் தமிழெழுத்திலுள்ள பதிவும் சேர, ஒருவரே மூவராகிவிடுகிறார். கருவி இதனைத் தானாக உணராது. ஒவ்வொரு பதிவையும் சேர்த்தவுடனே பெயரைத் திருத்திவிடுவதே எளிது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் ஐந்நூறு பதிவுகளைத் திருத்த முனைபவர் மிச்சப்படுத்திய நேரம் அனைத்தையும் அங்கே திருப்பிக் கொடுக்கிறார்.

பதிவுகள் ஒருபுறமிருக்க, கட்டுரையின் எழுத்தே கணினியில் எவ்வாறு தங்குகிறது என்ற வினா எமக்கு இன்னும் அடிப்படையானது. இலங்கையிற் கணினித் தட்டச்சு பரவிய காலத்தில் பாமினி என்னும் எழுத்துரு பெருவழக்குப் பெற்றது. அதிற் தமிழ் என்ற சொல்லை எழுதும்போது கணினியிற் பதிவாவது தமிழன்று. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு அவற்றின் மீது தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. போர்வையை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறி நியமத்தில் 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தும், பாமினியிலும் அதுபோன்ற எழுத்துருக்களிலும் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் மலர்களும் தொடர்ந்து தட்டச்சாயின. அவற்றை எந்தத் தேடுபொறியும் தமிழாகக் காணாது. அவை அச்சில் மட்டுமே தமிழ்.

இவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்திற் பல உள. ஓர் ஆய்வேட்டை மீண்டும் தட்டச்சு செய்ய ஒரு மாதம் ஆகுமெனில் இவற்றால் ஒரு மாலையில் மாற்றிவிடலாம். எமது கருத்தில் இன்று எமக்குக் கிடைக்கும் கருவிகள் அனைத்திலும் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரும் பயன் தருவது இதுவே. எனினும் மூன்று எச்சரிக்கைகள் தேவை. மாற்றி எழுத்துருவைப் பார்ப்பதில்லை. ஆதலால் கட்டுரையின் இடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழென எண்ணிப் பொருளற்ற எழுத்துக்களாக்கிவிடும். அவற்றை முன்னரே பிரித்து வைத்தல் வேண்டும். அடுத்து, ஔகாரம். பழைய தட்டச்சில் ஒகரத்தை அடுத்து ளகரத்தை இட்டு ஔகாரத்தை உருவாக்கும் வழக்கம் உண்டு. மாற்றியபின் ஔவையார் ஒரு புறமும் ஒளவையார் மறுபுறமும் நிற்பர். கண்ணுக்கு இருவரும் ஒருவரே, தேடுபொறிக்கு வேறானவர். மூன்றாவது, அகரவரிசை. ஒருங்குறியின் எண் வரிசை எமது நெடுங்கணக்கு வரிசையன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. மெய்யெழுத்து அதன் உயிர்மெய் வரிசை முழுவதற்கும் பின்னால் தள்ளப்படுகிறது. மொழியைத் தமிழெனக் குறிப்பிடாது பட்டியலை வரிசைப்படுத்தினால் எந்த அகராதியிலும் காணாத ஒழுங்கு கிடைக்கும். லிப்ரே ஒபிஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் வரிசைப்படுத்தும்போது மொழியைத் தெரிவு செய்ய வசதி உண்டு. அதனை நாடுவோர் குறைவு.

இனி நூல்களைப் பெறுதல். 1981 மே 31 இரவிலும் அதனையடுத்தும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதனவும் இருந்தன. ஒரே பிரதியில் வாழும் நூல் எத்தகைய அபாயத்தில் இருக்கிறது என்பதை எமது சமூகம் கற்றுக்கொண்ட விதம் அது. 1998 இல் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எவரும் எடுத்தாளும் வண்ணம் வெளியிட்டது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிமத் திட்டம் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் ஆகியவற்றை ஒளிவருடி வைத்துள்ளது. வந்தாறுமூலையிலிருந்து ஒரு பழைய சஞ்சிகையைத் தேடிக் கொழும்புக்குச் சென்று, தங்கி, பிரதி எடுத்து வந்த மாணவர் இன்று தம் அறையிலிருந்தே அதனை வாசிக்கலாம். பேருந்துக் கட்டணமும் இரு நாட்களும் மிச்சம். இம்மிச்சத்தின் பின்னால் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டி ஒளிவருடிய எவரோ ஒருவரின் கையும், அச்செலவைத் தாங்கிய நன்கொடையாளரும் உளர். இலவசம் என்ற சொல் அவர்களை மறைத்துவிடுகிறது.

ஒளிவருடிய பக்கம் ஒரு படம்; அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரிகள் இதற்கு உதவுகின்றன. டெசரக்ட் என்னும் எழுத்துணரி ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவாக்கப்பட்டு, 2005 இல் மூலநிரலுடன் பொதுவில் விடப்பட்டது. தமிழையும் அது வாசிக்கும். ஆயினும் கூகிளின் சேமிப்பகத்திற் படத்தை இட்டு ஆவணமாகத் திறக்கும்போது கிடைக்கும் தமிழ் அதனைவிடத் திருத்தமாக இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுவுடைமையான கருவியே எப்போதும் சிறந்தது என்று கூறிவிட முடிந்தால் எமது வாதம் எளிதாக இருந்திருக்கும். நடைமுறையில் யாம் செய்வது, கூகிளிடம் படத்தைக் கொடுத்து எழுத்தைப் பெற்று, அவ்வெழுத்தை உடனே எமது கணினிக்கு எடுத்துக்கொள்வது.

எவ்வாறாயினும் பிழை திருத்தம் தவிர்க்க முடியாதது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு எழுத்துச் சரியென்பது கேட்பதற்கு நன்றாக இருக்கும். 1,500 எழுத்துள்ள ஒரு பக்கத்தில் அது நாற்பத்தைந்து பிழை. ரகரமும் துணைக்காலும் ஒன்றற்கொன்று மயங்கும். ஈழத்துப் பழைய அச்சில் மற்றொரு சிக்கலும் உண்டு. 1978 இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் கொம்புடைய பழைய வடிவங்களும் ணா, றா, னா ஆகியவற்றின் வளைந்த வடிவங்களும் கைவிடப்பட்டன. இலங்கையின் அச்சகங்களில் அவை அதன் பின்னரும் பல்லாண்டு நிலவின. புதிய வடிவங்களிற் பயின்ற எழுத்துணரி பழைய வடிவங்களைக் கண்டதும் தடுமாறுகிறது. அதனால் எழுபதுகளின் ஈழத்துச் சஞ்சிகையொன்றைத் திருத்த, அதே காலத்து ஆங்கிலச் சஞ்சிகையைத் திருத்துவதிலும் பன்மடங்கு நேரம் தேவை. தேடலுக்கு மட்டும் வேண்டுமெனில் பிழையோடு விடலாம். மேற்கோள் காட்ட வேண்டுமெனில் படத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். தேடும்போதும் நூலகம் என்று முழுச் சொல்லாகத் தேடினால் நூலகத்தில், நூலகத்தை என்பன அகப்படா. நூலக எனப் பகுதியளவில் நிறுத்தித் தேடுவது பயன் தரும்.

2022 நவம்பரிற் சட்ஜிபிடி வெளிவந்த பின்னர் பரவிய மொழிப் பொறிகளைப் பற்றிச் சிலவே கூறலாம். சுருக்கம் எழுதவும் ஆங்கிலக் கடிதம் திருத்தவும் அவை உதவுகின்றன. இல்லாத நூலுக்கு ஆண்டும் பதிப்பகமும் தந்து மேற்கோள் காட்டும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. அதனைச் சரிபார்க்கும் நேரத்தையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். இவற்றுட் கட்டண முறையில் இயங்குவன சில, உரையைச் சிறு துண்டுகளாக்கி எண்ணி விலை கூறுகின்றன. ஒரே கருத்தைத் தமிழில் எழுதினால் ஆங்கிலத்திலும் பன்மடங்கு துண்டுகளாவதும், அதனால் தமிழில் வினாவுபவர் கூடுதலாகச் செலுத்துவதும் பொதுவாகக் காணப்படுபவை. கருவி நடுநிலையானது என்போர் இதனைச் சிந்தித்தல் நன்று.

மிச்சமாகும் நேரம் எவரைச் சென்றடைகிறது என்ற தொடக்க வினாவுக்கு வருவோம். கையெழுத்துப் பிரதியொன்று நூலாகும் வழியில் முன்னர் தட்டச்சாளர், அச்சுக்கோப்பாளர், ஒப்புநோக்குவோர் எனப் பலர் நின்றனர். ஒவ்வொருவருக்கும் ஊதியம் இருந்தது, சிலருக்குத் தொழிற்சங்கமும் இருந்தது. இன்று தட்டச்சும் பக்க வடிவமைப்பும் பிழை திருத்தமும் பெருமளவிற் கட்டுரையாளரின் மேசைக்கே வந்துவிட்டன. பல்கலைக்கழகத்திலும் இலிகிதர் நிரப்பிய படிவங்களை இப்போது விரிவுரையாளர் இணையத்தில் நிரப்புகிறார். நிறுவனத்தின் கணக்கேட்டில் இது சேமிப்பு. ஆய்வாளரின் நாட்குறிப்பில் அவ்வாறு தோன்றாது. கருவி பத்து மணி நேர வேலையை இரண்டு மணி நேரமாக்கியது உண்மை. ஆயின் அந்த இரண்டு மணி நேரம் முன்னர் அவருடைய வேலையாகவே இருக்கவில்லை. தட்டச்சாளரும் அச்சுக்கோப்பாளரும் இழந்த ஊதியம் எந்தச் சேமிப்புக் கணக்கிலும் பதிவாவதில்லை.

இக்காரணத்தால் கருவிகளை ஒதுக்க வேண்டுமென யாம் கூறவில்லை. தனித்தனியே அவரவர் மேசையில் வந்து குவிந்த வேலையை மீண்டும் கூட்டு வேலையாக்க முடியுமா என்பதே எமது அக்கறை. தமிழ்ச் சங்கங்கள் இதற்கு ஏற்றவை. ஆண்டுதோறும் மலர்கள் வெளியிடும் சங்கங்களுட் பலவற்றிடம் தமது பழைய மலர்களின் முழுத் தொகுதி இராது. இருப்பினும் எந்த மலரில் எவர் எதனை எழுதினார் என்ற பட்டியல் இராது. பாமினியிற் தட்டச்சான மலர்களின் கோப்புகள் முன்னைய இதழாசிரியர் எவரிடமேனும் எஞ்சியிருக்கக் கூடும். அவற்றைக் கேட்டுப் பெற்று ஒருங்குறிக்கு மாற்றலாம். அதற்கு முந்திய மலர்களுக்கு, முழுவதையும் தட்டச்சு செய்யும் எண்ணத்தை ஒத்திவைத்துப் பொருளடக்கத்திலிருந்து தொடங்குவது உகந்தது. ஒரு மலரின் பொருளடக்கம் பெரும்பாலும் ஒரு பக்கம். இரண்டாம் வருட மாணவர் ஒருவர் அதனை அரை மணி நேரத்தில் ஒருங்குறியில் எழுதிவிடலாம். ஸொட்டேரோவிற் சங்கத்தின் பெயரிற் பொதுக் குழுவொன்றை அமைத்து அப்பதிவுகளை அதில் இட்டால், எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் எவரும் பார்க்கலாம்; வேண்டியவற்றைத் தம் பட்டியலுக்கு எடுத்துக்கொள்ளலாம். 300 மெகாபைட் வரையறை இணைக்கும் கோப்புகளுக்கே உரியது. வெறும் பதிவுகளுக்கு அது பொருந்தாது.